மூச்சுக்கு மருந்து, முதுகுக்கு?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திண்டுக்கல் ஜில்லாவில், பழனிக்கு வடக்கே, தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இது வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, ஆனியிலும் ஆடியிலும் அந்தச் சமவெளியைப் புரட்டி எடுத்துவிடுகிறது. காட்டுப் புழுதி வீட்டுக்குள் நுழைந்து, அடுக்குப் பானை வரையில் விசாரித்துவிட்டுத்தான் போகிறது. அம்மியே பறக்கிற காற்றில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் மூச்சு எம்மாத்திரம்?

இழுப்பு வந்துவிடுகிறது. பேரன் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். "ஆத்தாளுக்கு மூச்சு வாங்குதுங்கண்ணா. போன தடவை குடுத்தீங்களே, அதே சின்ன மாத்திரை பத்துக் குடுங்க" என்கிறான். சட்டைப் பையிலிருந்து மடிப்பில் கிழிந்துபோன மூன்று வருஷத்துச் சீட்டு வெளியே வருகிறது. மாத்திரை கிடைக்கிறது. மறுநாள் ஆத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவே ஒரு சங்கடமான சமாசாரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படிச் சீட்டை மாற்றாமல் வாங்கப்படும் சின்ன மாத்திரை, பல வீடுகளில் பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தாக இருக்கிறது. ஆபத்துச் சமயத்தில் அது உயிரைக் காப்பாற்றும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி கேட்பாரில்லாமல் மாதக் கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தால், அதே மருந்து எலும்பை அரித்துவிடும். மூச்சைக் கொடுத்துவிட்டு முதுகெலும்பை எடுத்துக்கொள்கிற வியாபாரம் அது!

இந்த மருந்தின் கதை சுவாரஸ்யமானது. 1948-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்மணி ஒருத்திக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் ஒரு புது மருந்தைச் செலுத்தினார். சில தினங்களில் அந்த அம்மாள் எழுந்து நடந்தாள். உலகமே மூக்கில் விரலை வைத்தது. கார்ட்டிசோன் என்ற அந்த மருந்துக்காக, 1950-ல் ஹென்ச்சுக்கும், ரசாயன நிபுணர்களான கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் உறவுக்காரனான பிரெட்னிசலோன் 1950-களின் நடுவில் வந்து சேர்ந்தது.

ஆனால் இயற்கை அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. நம் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. கார்ட்டிசோன் வர்க்கத்துச் சுரப்புநீரை உடம்புக்குத் தேவையான அளவில் அவையே தயாரிக்கின்றன. இந்த அளவு மிஞ்சிப்போனால் என்ன ஆகும்? முகம் பூரண சந்திரனைப் போல் உருண்டு, வயிறு பெருத்து, எலும்பு நலிந்துபோகும் நோயாளிகளைப் பற்றி 1932-ல் ஹார்வி குஷிங் என்ற டாக்டர் விவரமாக எழுதினார். உள்ளே மிஞ்சினாலும் சரி, மாத்திரையாக வெளியிலிருந்து வந்தாலும் சரி, உடம்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

எலும்பு ஏதோ கல்தூண் மாதிரி, ஒரு தடவை கட்டிவிட்டால் அப்படியே நிற்கும் என்று நினைக்கிறோம். வாஸ்தவத்தில் அங்கே எப்போதும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு கூட்டம் பழைய எலும்பை இடித்துக்கொண்டே போகும். இன்னொரு கூட்டம் பின்னாலேயே புதிதாகக் கட்டிக்கொண்டு வரும். ஸ்டீராய்டு என்ன செய்கிறதென்றால், இடிக்கிறவர்களை விட்டுவிட்டுக் கொத்தனார்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு, குடல் வழியாக உள்ளே வரும் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கிறது. சிறுநீரில் வெளியேறும் சுண்ணாம்புச் சத்தை அதிகமாக்குகிறது. இந்த நஷ்டம் மாத்திரை ஆரம்பித்த முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மிக வேகமாக நடக்கிறது. "வருஷக் கணக்கில் சாப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பது பிசகு.

பெண்களுக்கு இதில் இரட்டை அடி. முப்பது வயதுக்குள் சேர்த்த எலும்புதான் ஒருவருடைய முதலீடு. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற காவல்காரன் போய்விடுவதால், முதல் வேகமாகக் கரைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதை ஒட்டியே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. மேல் நாட்டுப் பெண்களைவிட இது சில வருஷங்கள் முன்னதாகவே. அந்த வயதுக்குமேல் ஆஸ்துமாவும் சேர்ந்து, ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தால், வரவு இல்லாத வீட்டில் செலவு மட்டும் நடக்கிற கதைதான்.

இதற்கு மேல் நாம் அன்பின் பெயரால் செய்யும் மூன்று கெடுதல்கள் இருக்கின்றன. "பால், தயிர் சளி" என்று அவற்றை நிறுத்துகிறோம். "வெயில் ஆகாது" என்று உள்ளேயே உட்கார வைக்கிறோம். "நடந்தால் இளைக்கும்" என்று நடையையும் தடுக்கிறோம். எலும்புக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான்! பால் ஒவ்வாமை உள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பாலினால் ஆஸ்துமா அதிகமாவதில்லை என்பதை இன்றைய டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

சரி, இதைப் படித்ததும் பாட்டியின் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இது மிகவும் முக்கியம். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளே இருக்கும் சுரப்பிகள் "நமக்கென்ன வேலை?" என்று தூங்கிப்போயிருக்கும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு என்று உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சொல்லும் விகிதத்தில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அப்படியானால் மூச்சுக்கு என்ன வழி? இழுக்கும் மருந்து இருக்கிறதே! நம் ஊரில் அதற்குப் "பம்பு" என்று பெயர். "பம்பு போட்டால் அப்புறம் விடவே முடியாது" என்று ஒரு பயம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், பம்புக்குப் பயப்படுகிறவர்கள் மாத்திரைக்குப் பயப்படுவதில்லை. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மூச்சுக் குழாய்க்கு வருகிறது. மில்லிகிராம் கணக்கில் தேவைப்படுகிறது. பம்பு மருந்தோ நேரே மூச்சுக் குழாய்க்கே போய்விடுவதால், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. மிக அதிக அளவில் நெடுங்காலம் இழுத்தால் எலும்பைக் கொஞ்சம் பாதிக்கலாம். ஆனாலும் மாத்திரையோடு ஒப்பிட்டால் அது ஆனைக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசம். தினமும் ஒழுங்காகப் பம்பு இழுக்கிறவர்களுக்கு மாத்திரையின் அவசியமே வெகுவாகக் குறைந்துவிடும். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். கை நடுங்கும் பாட்டிமாருக்குப் பம்புடன் பொருத்தும் 'ஸ்பேஸர்' என்ற குடுவை மிகவும் உதவும்.

"இழுப்புக்குக் கைகண்ட மருந்து" என்று பெயர் எழுதாத பொட்டணத்தில் வரும் சூரணங்களிடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இப்படிப்பட்டவற்றைச் சோதித்ததில், ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் வேளையிலேயே அற்புதமாகக் குணம் தெரிந்தால், சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டிருந்தாலோ, ஐந்து நாள், ஏழு நாள் என்று அடிக்கடி சாப்பிட்டிருந்தாலோ, டாக்டரிடம் "என் எலும்பு எப்படி இருக்கிறது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை மதுரை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் செய்கிறார்கள். வலிக்காது, சில நிமிஷ வேலை. எலும்பு நலிந்திருந்தால் அதற்கும் மருந்து உண்டு. வாரம் ஒரு தடவை சாப்பிடும் மாத்திரை ஒன்று பிரசித்தம். அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உணவுக் குழாய் புண்ணாகிவிடும். வைட்டமின் 'டி' 60,000 யூனிட் மருந்தை டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் வாரம் ஒன்றுதான். நல்லதுதானே என்று தினம் ஒன்று போட்டுக்கொண்டால் விபரீதமாகிவிடும்.

இனிச் சமையலறைக்கு வருவோம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. இரண்டு டம்ளர் பாலில், அதாவது 400 மில்லி லிட்டரில், சுமார் 480 மில்லிகிராம் கிடைக்கும். ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 175. ஐம்பது கிராம் முருங்கைக் கீரையில் 150. ஓர் எள்ளுருண்டையில் உள்ள பத்துக் கிராம் எள்ளில் 100. ஆக, 900-க்கு மேல் தேறிவிடுகிறது. எல்லாமே உடம்பில் ஒட்டிவிடாது என்பது உண்மை. குறைவதை டாக்டர் மாத்திரையாகத் தருவார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து ஊர் ஊராக லாரியில் முருங்கைக்காய் போகிறது. அந்த மரத்தின் கீரையைப் பறித்துப் பாட்டிக்குப் போடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

காற்று அடங்கிய வேளையில் முற்றத்து வெயிலில் சிறிது நேரம். மூச்சு கட்டுக்குள் இருக்கும்போது தெருக்கோடி வரையில் ஒரு நடை. ராத்திரியில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத தரை. விழாமல் இருப்பதும் எலும்புக்கு ஒரு மருந்துதான். விலை மிகவும் சல்லிசு.

ஒரு விஷயம் கடைசியாக. முதுகெலும்பு பல சமயங்களில் சத்தமில்லாமலே நசுங்கிவிடும். "வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு" என்று நாம் விட்டுவிடுகிறோம். இளமையில் இருந்த உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தால், அது வயதின் குற்றம் என்று சும்மா இருக்கக் கூடாது. முதுகு கூனினால் மார்புக்கூடு சுருங்கும். நுரையீரல் விரிய இடம் போதாது. எந்த மூச்சுக்காக அந்த மாத்திரையைச் சாப்பிட்டாளோ, அந்த மூச்சே மறுபடி குறைந்துபோகும்.

ஆகையால், இதைப் படிக்கும் மருமகள்மாருக்கும் பேத்திமாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பாட்டியின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எத்தனை மாதமாக ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள். பழைய சீட்டையும், அந்த அட்டையையும், பாட்டியையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், புதுச் சீட்டு வாங்கி வாருங்கள்.