தோட்டா நிரப்பிய கைகள்

துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது என்றால் பலருக்கும் சினிமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வருவான். ஆனால் அமெரிக்காவில் அது ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புதிதாக மருந்தும் குண்டும் வைத்து, கையால் இழுக்கும் பிரஸ்ஸில் அழுத்தி மறுபடியும் தோட்டாவாக்கி விடுகிறார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். இந்த வேலைக்கு ஒன்று, அந்த வேலைக்கு ஒன்று என்று மூன்று நான்கு பிரஸ்கள் சேர்ந்துவிட்டால் மேசையில் இடம் இருக்காது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கனமான ஒரு வட்டத் தகடு, அதன் அடியில் பேரிங், மேலே சுற்றிலும் பிரஸ்கள். எது வேண்டுமோ அதை முன்னால் திருப்பி, ஒரு பின்னைச் செருகிப் பூட்டிவிட்டால் ஆடாது. கடையில் வாங்காமல், வீட்டுக் கொட்டகையில் தாங்களே வெல்டிங் வைத்துச் செய்துகொள்வதில்தான் அவர்களுக்குப் பெருமை!

இதே வேலையைப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒருவர் செய்தால்? சுழலும் மேசை செய்வதில் குற்றம் எதுவும் இல்லை. அதில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. வெடிமருந்து விளையாட்டுப் பொருள் அல்ல. இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

ஆனால் இந்த மண்ணிலும் தன் கையாலேயே மருந்து நிரப்பிச் சுட்ட ஒரு சமூகம் உண்டு. நரிக்குறவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, நாரை வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ஈயக்குண்டுகளைப் போட வேண்டும். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் இத்தனை வேலை. அமெரிக்காக்காரர் மேசை போட்டுச் செய்வதை இவர்கள் வயல் வரப்பில் உட்கார்ந்து செய்தார்கள். அங்கே அது பொழுதுபோக்கு, இங்கே வயிற்றுப்பாடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வயிற்றுப்பாடும் பிறகு போய்விட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தம் அனுமதிச்சீட்டு வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்தது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது. அரியலூர் மாவட்டத்துக் காரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வாத்து வந்து இறங்கும்?

கேள்வி வேறு. பறவைக்குச் சரணாலயம் கிடைத்தது, வேட்டையை விட்டவனுக்கு என்ன கிடைத்தது? பேருந்து நிலையத்தில் பாசிமணியும் ஊசியும் விற்கும் வேலை கிடைத்தது. கூடவே போலீஸின் சந்தேகப் பார்வையும்! சினிமாவும் தன் பங்குக்கு அவர்களை ஆட்டம் பாட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1968இல் வந்த 'ஒளி விளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் குறவர் வேஷத்தில் ஆடியதை ஊரே ரசித்தது. அதே வேஷத்தை நிஜ வாழ்க்கையில் சுமந்தவர்களைப் பக்கத்து இருக்கையில் உட்காரவிடத்தான் மனசு வரவில்லை.

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமானது. வேட்டைக்குக் கதவு அடைத்து ஐம்பது வருஷம் கழித்துத் திறந்த கதவு இது. தாமதம்தான் என்றாலும் நல்ல விஷயம். ஆனால் சட்டம் அரசிதழில் வந்தால் மட்டும் போதாது. ஜாதிச் சான்றிதழ் அலையவிடாமல் கையில் கிடைக்க வேண்டும். பெற்றோர் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகும்போது பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமலிருக்க விடுதி வேண்டும்.

அதோடு, அவர்கள் கைத்திறனுக்கும் ஒரு மரியாதை வேண்டும். குறடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கம்பியை வளைத்து மணி கோக்கும் அந்த விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரண வேலை இல்லை. அந்த விரல்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் வராதா என்ன? பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இந்தப் பிள்ளைகளுக்கு இடம் காத்திருக்கிறது என்று அவர்கள் குடியிருப்புக்கே போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

வாரக் கடைசியில் கொட்டகைக்குள் சுழல் மேசை செய்கிற அமெரிக்கரைக் கெட்டிக்காரர் என்கிறது உலகம். கிடைத்ததை வைத்துத் துப்பாக்கியையே பழுது பார்த்துக்கொண்ட நரிக்குறவரை மட்டும் நாடோடி என்கிறது. துப்பாக்கியை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதைக் கீழே வைத்த கைக்கு வேறொரு கருவியைக் கொடுங்கள் என்பதுதான் கேள்வி... இல்லை, கோரிக்கை!