ஆசிரியருக்குக் கற்றுத் தராத பாடம்

2025 ஏப்ரல் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பு, பத்திரிகைகளில் ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்துவிட்டது. அமிலத் தாக்குதலுக்கு ஆளான ஒரு பெண்ணால், வங்கிக் கணக்குத் தொடங்கும்போது காமிராவின் முன் கண் சிமிட்டிக் காட்ட முடியவில்லை. அவர் தொடுத்த வழக்கையும், பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கையும் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் சேர்த்து விசாரித்தனர். கம்ப்யூட்டர் வழியாகக் கிடைக்கும் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கமே என்று அவர்கள் தீர்ப்புக் கூறினர்.

வங்கிக்குச் சொன்ன நீதி கல்லூரிக்கும் பொருந்தத்தானே வேண்டும்? இன்று பாடமும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பாடத்தைக் கண் தெரியாதவரும் காது கேளாதவரும் படிக்கும்படி அமைத்துத் தரவேண்டியவர் யார்? ஆசிரியர். அவருக்கு அதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? பிரச்னையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மத்திய அரசின் 'ஸ்வயம்' என்ற இணையவழிக் கல்வித் தளத்தை 2017 ஜூலை 9ந் தேதி அப்போதைய ராஷ்டிரபதி பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் இது கூடுதல் படிப்பாக, விரும்பியவர் படிப்பதாக இருந்தது. ஒரு கல்லூரி மாணவர் ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை இத்தளத்தில் படித்து மதிப்பெண் பெறலாம் என்று யு.ஜி.சி. 2016ல் அனுமதித்தது. 2021ல் அந்த அளவை 40 ஆக உயர்த்தியது. ஆகவே இணையப் பாடத்தைப் படிக்க முடியாமல் போனால், இன்று இழப்பது பொழுதுபோக்கை அல்ல; பட்டத்தின் ஒரு பகுதியையே இழக்க நேரலாம்.

இது யாரோ சிலரது கவலை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். 2016ல் இயற்றி 2017 ஏப்ரல் 19ந் தேதி நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. உயர்கல்வியில் 5 சதவிகித இடங்களையும், அரசு வேலைகளில் 4 சதவிகித இடங்களையும் ஒதுக்கியது. இடம் கொடுத்தாயிற்று. உள்ளே வந்தவர் படிக்க வழி செய்தாயிற்றா?

நான்கு வாசல்கள்

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு பகுதிகள் கொண்டது: வீடியோ விரிவுரை, படிக்க வேண்டிய குறிப்புகள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல். ஒவ்வொரு வாசலிலும் என்ன தடை எழுகிறது என்று பார்த்தால், ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் வீடியோ. "இதிலிருந்து இதைக் கழித்தால் இது வருகிறது, பாருங்கள்" என்கிறார் ஆசிரியர். கண் தெரிந்தவருக்குப் போதும். தெரியாதவருக்கு அது மூன்று வெற்றுச் சொற்கள். "மொத்த வருமானத்திலிருந்து செலவைக் கழித்தால் லாபம் வருகிறது" என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு பைசா செலவில்லை, பழக்கம்தான் வேண்டும். காது கேளாத மாணவருக்கோ திரையின் அடியில் வசனம் ஓட வேண்டும். இயந்திரமே வசனம் எழுதித் தருகிறது என்கிறார்கள். உண்மைதான், அது பிழையும் செய்கிறது. ஓர் 'அல்ல' விடுபட்டால் விதியே தலைகீழாகிவிடும். படித்துத் திருத்த வேண்டியவர் பாடம் தெரிந்த ஆசிரியரே. கூடவே ஒன்று சொல்ல வேண்டும்: சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு வசனம் மட்டும் போதாது. இந்திய சைகை மொழிக்கென 2015ல் தில்லியில் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2024 டிசம்பரில் தனி டெலிவிஷன் சானலும் தொடங்கப்பட்டது. ஆசிரியர் தாமே சைகை மொழி அறிய வேண்டியதில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசல், குறிப்புகள். பார்வையற்றோர், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு படிக்கிறார்கள். 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருள் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006ல் தொடங்கிய முயற்சி அது, தமிழிலும் படிக்கும். ஆனால் ஆசிரியர் பழைய நோட்டைப் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கிப் போட்டால், அந்த மென்பொருளுக்கு அது எழுத்தல்ல, வெறும் படம். வாய் திறக்காது.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. யூனிகோடு வருமுன் நாம் பயன்படுத்திய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், மென்பொருள் அதை 'ஜே, கே, பி, ஓ' என்றே படிக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகளை அப்படியே வலையேற்றினால், தமிழ் மாணவர் தம் தாய்மொழிப் பாடத்தையே படிக்க முடியாமல் போகும்.

படங்களின் கதையும் இப்படியே. பல கல்லூரிகளில் புழங்கும் 'மூடுல்' என்ற பாடத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய அதன் முதல் பதிப்பு 2002ல் வெளிவந்தது. அதில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, படத்தை விளக்கி இரண்டு வரி எழுதும்படி ஒரு கட்டம் கேட்கும். பக்கத்திலேயே 'இது அலங்காரப் படம்' என்று குறியிட ஒரு சிறு பெட்டியும் உண்டு. விவரம் சொல்லித் தரப்படாத ஆசிரியர், வேலை முடிந்தால் சரி என்று அந்தப் பெட்டியில் குறியிட்டுவிட்டுப் போவார். ரத்த ஓட்டத்தின் வரைபடம் அலங்காரமாகிவிடும்! கருவியில் குறை இல்லை. கட்டம் எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாசல், தேர்வு. எழுத்துத் தேர்வுகளில் தகுதியுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசு 2018ல் நெறிமுறை வகுத்தது. கம்ப்யூட்டர் தேர்வில் 30 நிமிடம் ஆனதும் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டிவைக்க மூடுலில் வசதி இருக்கிறது. தெரிந்த ஆசிரியர்தான் அதைச் செய்வார். மௌஸால் இழுத்துப் பொருத்தும் கேள்விகள் கை நடுங்குபவருக்குத் தண்டனை. 'சிவப்பில் உள்ளவை தவறு, பச்சையில் உள்ளவை சரி' என்றால் நிறக்குருடு உள்ளவர் என்ன செய்வார்?

நான்காவது வாசலான கலந்துரையாடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பதிலைக் கையால் எழுதிப் படம் பிடித்துப் போடாமல், தட்டச்சு செய்து போட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறையில்லை. 2016ம் ஆண்டுச் சட்டத்தின் 42வது பிரிவு, அச்சு, ஒலி, மின்னணு வடிவில் உள்ளவை அனைத்தும் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 47வது பிரிவு, பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான படிப்புகளில் மாற்றுத் திறன் பற்றிய பாடம் ஒரு பகுதியாக வேண்டும் என்கிறது. 2021 ஜூனில் கல்வி அமைச்சகம், மாற்றுத் திறன் குழந்தைகளுக்கு மின்பாடம் தயாரிக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. 2022ல் யு.ஜி.சி. கல்லூரிகளுக்கான அணுகல் நெறிகளை வெளியிட்டது. வெறும் சிபாரிசாக இருக்கும் விதிகள் போதா, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பர் 8ந் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அபராதம் பயமுறுத்தும், கற்றுத் தராது. சர்க்குலர் வந்ததாலேயே வேலை நடந்துவிடாது என்பது ஆபீஸில் வேலை பார்க்கும் நம் எல்லோருக்கும் தெரியும். கவுண்டரில் இருப்பவருக்குப் புது இயந்திரத்தை இயக்கப் பழக்காவிட்டால், மேலிடத்து உத்தரவு எத்தனை வந்தாலும் க்யூ நகராது.

பழக்குவதற்கு இடமில்லாமலும் இல்லை. உயர்கல்வி ஆசிரியர்களுக்கான மாளவியா மிஷன் பயிற்சித் திட்டம் 2023 செப்டம்பர் 5ந் தேதி புதிய வடிவில் தொடங்கப்பட்டது. 15 லட்சம் ஆசிரியர்கள் அதன் இலக்கு. அதன் எட்டுத் தலைப்புகளில் 'மாணவர் பன்மையும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியும்' ஒன்று. 'தகவல் தொழில்நுட்பம்' இன்னொன்று. கவனிக்க வேண்டியது இதுதான். முதல் தலைப்பில் இரக்கமும் சட்டமும் பேசப்படும். இரண்டாவதில் கம்ப்யூட்டர் பேசப்படும். மேலே சொன்ன நான்கு வாசல் வேலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இரண்டு இலாகாவுக்கும் நடுவே நிற்கும் ஃபைலின் கதி என்னவென்று குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஸ்வயத்தில் ஆசிரியப் பயிற்சிப் பாடங்களுக்கு ஒருங்கிணைப்பாளராக அமைந்தது, 1964ல் தோன்றிய சென்னை தரமணியிலுள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிக் கழகம். பொறியியல் பாடங்களைத் தரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தை ஒருங்கிணைப்பதும் சென்னை ஐ.ஐ.டி.தான். நாடெங்கும் உள்ள ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் வாய்ப்பு நம் சென்னைக்கு இருக்கிறது.

பெர்க்லி தரும் எச்சரிக்கை

முதலில் பாடத்தைப் போட்டுவிடுவோம், குறையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பவர்கள், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்ததை அறிய வேண்டும். அங்கே ஆண்டுக்கணக்காக விரிவுரைகளை இலவசமாக வலையேற்றி வந்தார்கள். அவற்றில் பல காது கேளாதோருக்குப் பயன்படவில்லை என்று புகார் எழுந்தது. அந்நாட்டு நீதித் துறை 2016ல் அதை உறுதி செய்தது. திருத்தச் செலவாகும் என்று கருதிய பல்கலைக்கழகம், 2017ல் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. காது கேளாதவருக்கும் கிடைக்கவில்லை, கேட்பவருக்கும் கிடைக்கவில்லை. 2022ல்தான் அவற்றைச் சரிசெய்ய உடன்பாடு ஏற்பட்டது.

தொடக்கத்திலேயே அந்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் இத்தனை தொல்லை ஏது? நம் தளங்களிலும் பாடங்கள் ஆண்டுதோறும் குவிந்துகொண்டே போகின்றன. குவியல் பெரிதாகப் பெரிதாகத் திருத்தும் செலவும் பெரிதாகும்.

மும்பை புறநகர் ரயில் பிளாட்பாரங்களில் மாற்றுத் திறனாளிகளின் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் 'பீப், பீப்' என்று ஓர் ஒலி கேட்பதை நம்மவர்கள் அறிவார்கள். தாதரில் அத்தனை நெரிசலிலும் பார்வையற்றவர் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு தம் பெட்டிக்கு வந்துவிடுவார். அவர் யார் தயவையும் கேட்கவில்லை. அந்த ஒலியை அங்கே வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது. பாடத்திலும் வேண்டியது அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

ஒன்று: பயிற்சி, சொற்பொழிவாக இருக்கக் கூடாது. ஆசிரியர் தம் சொந்தப் பாடத்தைக் கொண்டுவந்து, அங்கேயே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். திரையை அணைத்துவிட்டு மென்பொருள் படிப்பதைப் பத்து நிமிடம் கேட்கச் செய்தால், பத்து சொற்பொழிவின் பலன் உண்டு.

இரண்டு: பயிற்சி தருபவர்களில் பார்வையற்றோரும் காது கேளாதோரும் இருக்க வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டவருக்குத்தான் தெரியும். இங்கே பாந்த்ராவில் 1983 முதல் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், செயின்ட் சேவியர் கல்லூரியில் 2003 முதல் பார்வையற்றோர் வள மையமும் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் சேர்ந்துள்ள அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தடை என்ன?

மூன்று: இதற்காகும் நேரத்தை ஆசிரியரின் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். ஏற்கெனவே வகுப்பு, விடைத்தாள், தேர்தல் பணி என்று மூச்சு முட்டுபவர் தலையில் இதையும் சும்மா ஏற்றினால், அலங்காரப் பெட்டியில்தான் குறி விழும். பாடத்தைத் தளத்தில் ஏற்றுமுன் பரிசோதித்து அனுமதிக்கும் முறையும் வேண்டும்.

இது கல்லூரியோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2020 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்த கர்மயோகி திட்டத்தின்படி, அரசு ஊழியர்களுக்கும் இணையவழிப் பயிற்சி வந்துவிட்டது. 4 சதவிகித ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த நம் பக்கத்து மேஜைக்காரரும் அந்தப் பாடங்களைப் படித்தாக வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே பார்வையோ செவியோ குறைபவர்களும் உண்டு. நாளை அது நாமாகவும் இருக்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இணையப் பாடம் எட்டவில்லை என்றால், விதியை நொந்துகொண்டு இருந்துவிடாதீர்கள். அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டத்தின் 23வது பிரிவு சொல்கிறது. அவருக்கு எழுதுங்கள். பலன் இல்லாவிடில் மாநில ஆணையருக்கோ, தில்லியிலுள்ள தலைமை ஆணையருக்கோ எழுதலாம். எந்தப் பாடம், எந்தப் பக்கம், என்ன தடை என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

அந்தக் கடிதத்தில் ஆசிரியரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவருக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.