கண்ணாடித் தொட்டியும் கண்மாயும்

மதுரையில் வண்ண மீன் வளர்ப்போர் தொகை சிறிதன்று. சென்னைக் கொளத்தூர்ப் பண்ணைகளில் பெருகும் கப்பியும் மோலியும் ஏஞ்சலும் இங்குள்ள வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. இதில் யாதொரு குற்றமும் இல்லை. அற்ப ஜந்துவென்று எண்ணாது, நாள்தோறும் அதன் ஜலத்தையும் இரையையும் கவனிப்பது சிறுவர்களுக்கு நல்ல பயிற்சியென்றே நாம் கருதுகிறோம். நிற்க.

நாம் ஆட்சேபிப்பது ஒரு மீனைப் பற்றியே. ‘டேங்க் கிளீனர்’ என்று கடைகளில் விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்க நதிகளுக்குரியது. விரல் நீளத்தில் வாங்கப்படும் அது, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று, சில ஆண்டுகளில் ஓரடிக்கு மேல் வளர்ந்து, தொட்டியில் திரும்பவும் இடமின்றித் தவிக்கிறது. கொல்ல மனம் வராத வீட்டார் அதை வாளியில் கொண்டுபோய்க் கண்மாயில் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக எண்ணுகின்றனர்.

அப்புண்ணியத்தின் பலனை அனுபவிப்பவர் மீன்பாசிக் குத்தகைதாரர்! எலும்புத் தகடு போர்த்த உடலும் விறைத்த முட்களும் வலையைக் கிழிக்கின்றன. விராலுக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடையாது. இது முட்டையிடுவதோ கரையில் வளை தோண்டி. மண் கரையை நம்பியிருக்கும் ஆயக்கட்டுதாரர் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் கண்மாய் வற்றினால் மடிந்துபோகும் என்பாரும் உளர். ஈர வளையில் பதுங்கியும், காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசித்தும் பிழைக்கவல்லது இம்மீன் என்பதை அவர்கள் அறியார் போலும். மேலும், நமது கண்மாய்கள் ஒன்றன் மறுகால் மற்றொன்றின் வரத்தாக அமைந்தவை. ஒன்றில் விட்டது ஒன்றோடு நில்லாது. காவேரியில் இது முன்னமே பிடிபட்டிருக்கிறது.

சர்க்கார் சட்டம் செய்யட்டுமென்று காத்திருப்பதில் நமக்குச் சம்மதமில்லை. விற்ற கடைக்காரர் வளர்ந்த மீனைத் திரும்பப் பெற இசைய வேண்டும். இசையாத கடையில் வாங்காதிருப்பது நம் கையிலேயே உள்ளது. பாசிக்கு வேண்டுவது ஒரு துண்டுப் பஞ்சு. தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி வைத்தால் பாசியே குறைந்துவிடும்.

கடைக்காரரும் ஏற்காவிடில்? கொன்று புதைப்பதே முறை என்போம். ஜீவகாருண்யம் பேசும் நண்பர்கள் இதற்காக நம்மைச் சினந்துகொள்ளலாம். கண்மாயிலுள்ள கெண்டையும் குரவையும் ஜீவன்களல்லவா என்று அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம். வண்டியூரிலும் மாடக்குளத்திலும் உள்ள பாசனத்தாரும் மீனவரும், வாளியோடு கரைக்கு வருவோரைத் தடுத்து நிறுத்தி, வாளியில் இருப்பது என்னவென்று விசாரிப்பார்களாக.