சேம அச்சு

ஓடாத வண்டியை விற்றுவிடு என்று சொல்வதற்கு அறிவு வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும். மரக்காணத்தில் என் தங்கையின் கணவரிடம் ஆறு மாதமாக ஊரே அதைத்தான் சொல்லிக் கொண்டிருக்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள், உப்பளத்து வரப்பில் சொல்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்து இறங்குகிற கடன் கம்பெனி இளைஞர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோரும் குடித்துவிட்டுச் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான்: "பழசைத் தள்ளிவிட்டுப் புதுசை எடு!"

இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மோட்டார் விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரியும். அதுகூடத் தெரியாதவர்கள் ஆலோசனை சொல்லும்போது நான் சொல்வதில் என்ன தவறு?

வண்டியின் கதை இதுதான். 2012-ல் வாங்கிய பிக்கப். உப்பளத்திலிருந்து மூட்டைகளைத் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் கொண்டு போகிற வண்டி. போன பருவத்தில் மட்டும் பதினொரு நாள் நடுவழியில் படுத்துவிட்டது. ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பட்டப்பகல் வெயிலில், நானும் அதில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் புளியமரம்கூட இல்லாத இடத்தில் நின்றோம். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. "மச்சான், அடுத்த மாசம் எப்படியும் இதை மாத்திப்புடறேன்" என்று டயரைப் பார்த்துச் சொன்னார். தான் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது அது.

அன்று இரவு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். புதிய வண்டி, எல்லாம் சேர்த்துச் சுமார் பத்து லட்சம். பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தருவார்களாம். அதனுடன் தங்கையின் நகையை வைத்துத் தொண்ணூறாயிரம் போட்டால் முன்பணம் ஆயிற்று. மீதி எட்டு லட்சம் கடன், நூற்றுக்குப் பதினொரு ரூபாய் வட்டி, அறுபது தவணை. மாதம் ஒன்றுக்குச் சுமார் 17,400 ரூபாய். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழுது பார்ப்பதற்குப் பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த கணக்கு 66,000 ரூபாய்.

கடன் கம்பெனி இளைஞர் இதைப் பார்த்துச் சிரித்தார். "சார், வண்டி சம்பாதிச்சு வண்டியே கட்டிடும்" என்றார். அழகான வாக்கியம். பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கிற ஊரில் உண்மையான வாக்கியமும் கூட. ஆனால் இது மரக்காணம். தை, மாசியில் பாத்தி கட்டி நீர் விட்டால், உப்பு விளைவது கோடையில். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். ஐப்பசி முதல் நான்கு மாதத்துக்கு அங்கே கொக்குக்குத்தான் வேலை. உப்பளத் தொழிலாளிக்கு மழைக் காலத்தில் பிழைப்பு இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் தமிழ்நாடு அரசாங்கமே குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது. அரசாங்கத்துக்குத் தெரிந்த இந்தச் சங்கதி தவணைப் புத்தகத்துக்குத் தெரியாது. உப்பளத்துக்கு ஆண்டில் எட்டு மாதம். தவணைக்குப் பன்னிரண்டு மாதம்.

அந்த நான்கு மாதத்துத் தவணையை மட்டும் பெருக்கிப் பாருங்கள்: 69,600 ரூபாய். வண்டி சும்மா நிற்கிற காலத்துக்குக் கட்ட வேண்டிய பணம், வண்டியை முழுக்கப் பழுது பார்க்கிற பணத்தைவிட அதிகம்! அதுவும் ஒரு வருஷத்துக்கு. இப்படி ஐந்து மழைக் காலம் இருக்கிறது.

பழுதினால் வரும் நஷ்டத்தை நான் மறைக்கவில்லை. பதினொரு நாளும் வாடகை வண்டி பிடித்ததில் நாளுக்கு 2,500 ரூபாய் வீதம் 27,500 போயிற்று. அதையும் பழுதுச் செலவோடு கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதிரி பதினொரு நாள் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு வருஷத் தவணையான இரண்டு லட்சத்து எட்டாயிரத்தின் பாதியைத் தொடவில்லை.

இரண்டாவது வாதம், புகை. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கிற வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற விதிக்கு உட்பட்டவை. பழைய வண்டியைவிடக் குறைவாகத்தான் நஞ்சைக் கக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வண்டி எங்கே போகிறது? ஆகாயத்தில் கரைந்து போகிறதா? தரகர் கைக்குப் போகிறது. இரண்டு கை பெயின்ட் அடித்துக்கொள்கிறது. நம்மைவிட ஏழையான ஒருவனிடம் போய்ச் சேருகிறது. அதே புகையை வேறு ஊரில் கக்குகிறது. அது மட்டுமா? அரித்துப்போன பிரேக் குழாயும் அதனுடனேயே போகிறது. "என் வண்டியை நம்ப முடியவில்லை, ஆகையால் விற்றுவிட்டேன்" என்று சொல்கிறவர், தாம் நம்பாத பிரேக்கை இன்னொருவர் நம்பும்படி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். இதற்கு வியாபாரம் என்று பெயர். வேறு பெயரும் உண்டு. எழுத வேண்டாமென்று பார்க்கிறேன்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கையைத் தொடங்கி வைத்தது. இதைக் காட்டியும் மாப்பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கொள்கையைப் படித்துப் பார்த்தேன். அதில் எனக்குச் சண்டை இல்லை. பதினைந்து வயதைக் கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் ஏறியிருப்பது உண்மை. ஆனால் தனியார் கையிலுள்ள வண்டிக்கு அந்தக் கொள்கை கேட்பது, "உனக்கு எத்தனை வயது?" என்பதல்ல; "நீ ஓடத் தகுதியா?" என்பதுதான். சோதனையில் தேறாததை, பதிவு பெற்ற இடத்தில் உடைத்தால் ஒரு சான்று கொடுக்கிறார்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால், சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை உண்டு. எஃப்.சி. காட்டத் தகுதியுள்ள வண்டியை ஓட்டு, தகுதியற்றதை உடைத்துவிடு என்பது நேர்மையான பேச்சு. தகுதியற்றதை அயலான் தலையில் கட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாமாகவே கண்டுபிடித்துக்கொண்டோம்.

மூன்றாவது வாதத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிக்கொண்டு வருவது அதுதான். அதற்குப் பெயர் கௌரவம். கிழிந்த வேட்டியைத் தைத்துக் கட்டினவரை ஒரு காலத்தில் சிக்கனக்காரர் என்றோம். இப்போது தரித்திரம் என்கிறோம். பழுது பார்ப்பது ஏழையின் அடையாளம் என்று ஆகிவிட்டது. ஒரு வேடிக்கை பாருங்கள்: செல்வம் கொழிக்கிற பிரான்ஸ் தேசத்தில் 2021-லிருந்து, ஒரு பொருள் எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கத் தக்கது என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டுமென்று சட்டம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள் 2012-லேயே, மோட்டார் பழுது பார்க்கத் தேவையான விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டுமென்று ஓட்டுப் போட்டார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அதில் மோட்டார் வாகனமும் சேர்த்தி. பணக்காரர்கள் உரிமை என்று போராடி வாங்குவதை நாம் அவமானம் என்று கைகழுவுகிறோம்!

மரக்காணத்துக்காரர்களுக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்தக் காலத்திலும் உப்பு வண்டி ஏறித்தான் போயிற்று. உமணர் என்ற உப்பு வணிகர் மாட்டு வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு மேடும் பள்ளமுமாக உள்நாட்டுக்குப் போனார்கள். காளையோ இளசு, பாரமோ அதிகம், வழியில் என்ன நேருமோ யார் கண்டது என்று நினைத்து, வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் புறநானூற்றில் 102-ஆவது பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அந்தச் சேம அச்சையே உவமை சொல்லிவிட்டார். ஓர் அரச குமாரனுக்கு உதிரி பாகத்தை உவமையாகச் சொன்ன மொழி இது! அந்த வண்டிக்காரர்கள் வண்டியை நம்பவில்லை. வண்டி உடையும் என்பதை நம்பினார்கள். ஆகையால் பிழைத்தார்கள்.

பழுது பார்க்காமல் விட்டதற்கும் அதே ஊரில் சாட்சி கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். 1877-78 பஞ்சத்தின்போது கஞ்சிக்கு வேலை செய்த ஜனங்கள் வெட்டிய பகுதியும் அந்தக் கால்வாயில் உண்டு. உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போன காலம் இருந்தது. அப்புறம் சாலை வந்தது, லாரி வந்தது. கால்வாயைத் தூர் வாருவதில் யாருக்கும் அக்கறை இல்லை. புயல்கள் உடைத்ததை ஒழுங்காகக் கட்டவில்லை. சென்னைக்குள்ளேயோ பறக்கும் ரயிலுக்கு அதன் வயிற்றிலேயே தூண் நட்டார்கள். அப்படியும் 2004-ல் ஆழிப்பேரலை வந்தபோது, ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வரை அந்தப் பழைய கால்வாய்தான் அலையின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். நாம் கைவிட்டது நம்மைக் கைவிடவில்லை.

ஆனால், பழசு என்பதற்காகவே எதையும் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறவன் நானல்ல. அதுவும் உப்பளத்தில் அப்படிச் சொல்வது கொலைபாதகம். ஈரத்தில் இரும்பு துருப் பிடிக்கும். உப்பு ஈரத்தில் பல மடங்கு வேகமாகப் பிடிக்கும். குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்பைத் தூவிவிட்டு, வண்டியின் அடிவயிறு அரிக்கிறதே என்று புலம்புகிறார்கள். எங்கள் ஊரில் தூவ வேண்டியதே இல்லை, சுமப்பதே உப்பு. வாரிய புது உப்பில் கசப்பு நீர் தங்கியிருக்கும். அதிலுள்ள மக்னீசியக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உச்சி வெயிலிலும் அந்த இரும்பு காய்வதில்லை. மூட்டையிலிருந்து சொட்டுகிற நீர், தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, சேஸிலும் பட்டையிலும் பிரேக் குழாயிலும் உட்கார்ந்துகொண்டு இரவு பகலாகத் தின்கிறது.

ஆகவே பட்டறைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ஐயா, சேஸ் எப்படி?" அவர் பதில் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். செத்த இரும்பு பொத்தென்று முனகும். அந்தப் பத்து நிமிஷமும் என் தங்கை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய நகையும் பிள்ளையின் பாலிடெக்னிக் சம்பளமும் அந்தச் சத்தத்தில்தான் இருந்தன. பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "குறுக்குச் சட்டம் ஒண்ணு போச்சுங்க. அதை மாத்தணும். நெட்டுச் சட்டம் ரெண்டும் நல்லா இருக்குது. மத்ததெல்லாம் சட்டை மாதிரி, மாத்திக்கலாம்" என்றார்.

நெட்டுச் சட்டம் போயிருந்தால்? அன்றைக்கே உடைக்கிற இடத்துக்கு அனுப்பு என்று நானே சொல்லியிருப்பேன். எக்ஸ்சேஞ்சுக்கு அல்ல, உடைப்பதற்கு. அதில் இருபதாயிரமோ முப்பதாயிரமோ குறைவாகக் கிடைக்கலாம். அந்தக் குறைவுக்குப் பெயர்தான் மனசாட்சி.

பழுது பார்க்கத் தீர்மானித்தோம். பிரேக் குழாய்கள் முதலில். பிறகு குறுக்குச் சட்டம், பின் பட்டை, இன்ஜெக்டர், கிளட்ச் தட்டு, அரித்துப்போன எர்த் ஒயர்கள். அந்தப் பதினொரு நாளில் நாலு நாள் வண்டி நின்றது வயசால் அல்ல, நூறு ரூபாய்கூடப் பெறாத அந்த ஒயரால் என்று தெரிந்தபோது எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. "தினம் சாயங்காலம் நல்ல தண்ணி ஊத்தி அடியைக் கழுவியிருந்தா எங்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க" என்றார் பட்டறைக்காரர். புது வண்டி வாங்கியிருந்தாலும் இதே உப்பு அதையும் தின்றிருக்கும். கழுவாதவனுக்குப் புதுசு என்ன, பழசு என்ன?

கடன் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிர்க் கடனை அறுவடை பார்த்து வசூலிக்கிறீர்கள். உப்பும் அறுவடைதான். உப்பளத்து வண்டிக்கு எட்டு மாதத் தவணை போட்டுத் தாருங்கள். அப்போது புது வண்டியைப் பற்றி நானே மாப்பிள்ளையிடம் பேசுகிறேன். அது வரையில் திண்ணையில் மோர் குடிக்கலாம், ஆட்சேபம் இல்லை.

மாப்பிள்ளை இப்போது தளத்தில் கெட்டித் தார்ப்பாய் விரித்துத்தான் மூட்டை ஏற்றுகிறார். சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வண்டிக்கு. இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்: ஒரு பெல்ட், இரண்டு ஹோஸ், ஒயர், பியூஸ், ஸ்பேனர்கள். "இது என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னீங்களே மச்சான், சேம அச்சு" என்றார்.