ஸ்டீராய்டுக்கு முன் மூக்கைப் பாருங்கள்

மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்குத் துவாரத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் பொன்னிறத் திட்டுகளாகத் தெரியும். ஆரியஸ் என்ற லத்தீன் பெயருக்குப் பொருளும் அதுதான். நலமாக இருப்பவரை அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டீராய்டு எடுப்பவரின் நிலை வேறு. கையிலோ மார்பிலோ செருகிய குழாய் வழியாக அந்த பாக்டீரியா ரத்தத்தில் இறங்கினால், சில நாட்களில் உயிரையே பறித்துவிடக்கூடும்.

மூக்கிலிருந்துதான் பெரும்பாலும் ரத்தத்துக்குப் போகிறது என்பது ஊகமல்ல. 2001-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ரத்தத்தில் இந்தத் தொற்று கண்ட 219 பேரில் 180 பேருக்கு மூக்கில் எடுத்த பாக்டீரியாவும் ரத்தத்தில் எடுத்ததும் ஒன்றாகவே இருந்தன. 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள், மூக்கில் இதைச் சுமப்பவர்களை மருத்துவமனையில் சேரும்போதே கண்டறிந்து, ஐந்து நாள் முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்தார்கள். மருந்தில்லாத களிம்பும் சோப்பும் பெற்றவர்களில் 7.7 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் இந்த பாக்டீரியாவின் தொற்று வந்தது. மருந்து பெற்றவர்களில் 3.4 சதவீதம் பேருக்கே வந்தது.

ஸ்டீராய்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்நோய்கள் பலவற்றுக்குச் சிகிச்சையே இல்லை. குழந்தைகளைத் தாக்கும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவில் முதல் சில வாரங்கள் பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ கட்டாயம். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் வாரம் ஒருமுறை டெக்ஸாமெத்தசோன் 40 மில்லிகிராம்: 4 மில்லிகிராம் மாத்திரையில் பத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே நேரத்தில். அன்று இரவு பலருக்கும் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். புற்றணுக்களை மடியச் செய்யும் அதே மருந்து நல்ல லிம்ஃபோசைட்டுகளையும் மடியச் செய்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு திசுவுக்குள் நுழைவதையும் தடுக்கிறது. அதனால் பரிசோதனைத் தாளில் வெள்ளணு எண்ணிக்கை கூடித் தெரியும். ஆனால் தொற்று இருக்கும் இடத்துக்கு அவை போய்ச் சேர்ந்திருக்காது.

அளவு கூடினால் குணம் கூடும் என்ற நம்பிக்கையை 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உடைத்தது. 445 மைலோமா நோயாளிகளில் ஒரு பிரிவினர் 28 நாளில் 12 நாள் 40 மில்லிகிராம் எடுத்தார்கள். மறு பிரிவினர் 4 நாள் மட்டும். கூடுதல் அளவு பெற்றவர்களிடம்தான் நோய் அதிகம் தணிந்தது. ஆனால் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 87 சதவீதம். குறைந்த அளவு பெற்றவர்களில் 96 சதவீதம். ரத்த உறைவும் தொற்றும் கூடுதல் அளவுப் பிரிவில்தான் அதிகம். ஐரோப்பியக் குழந்தைகளிடம் நடந்த பெரிய லுக்கேமியா ஆய்வொன்றும் இதே கணக்கைக் காட்டியது. டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது, வேறு ஸ்டீராய்டு பெற்றவர்களின் 15.6 சதவீதத்துக்குப் பதில் 10.8 ஆனது; முதல் கட்டச் சிகிச்சையிலேயே இறந்தவர்கள் 0.9 சதவீதத்துக்குப் பதில் 2.5 சதவீதம். இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது தொற்று.

பிரிட்டனில் 977 மைலோமா நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, முதல் 12 வாரம் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சலோ மரணமோ நேர்ந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தார்கள். இறந்தவர்கள் 22 பேருக்குப் பதில் 8 பேர். அருமையான முடிவு. ஆனால் இந்தியா அதை அப்படியே நகலெடுக்க முடியாது. இங்கே ஈ-கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி இந்த வகை மருந்துக்கு அசைவதில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இதே லெவோஃப்ளாக்சசின் முக்கிய ஆயுதங்களில் ஒன்று; அதைத் தடுப்பு மருந்தாக வாரி இறைப்பது ஆபத்து.

மூக்குக் களிம்பில் அந்தச் சிக்கல் குறைவு. பூசிய இடத்தோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எனவே ரத்தப் புற்றுநோய்க்கு முதல் வேளை ஸ்டீராய்டு கொடுக்கும் முன் மூக்கு மாதிரி எடுப்பதை மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். பஞ்சுக் குச்சியை மூக்கின் முன்பகுதியில் சில சுற்று சுழற்றி எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கல்ச்சர் முடிவு இரண்டொரு நாளில் வரும். அவசரச் சிகிச்சையை அதற்காக நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. பாக்டீரியா இருப்பவருக்கு மட்டும் ஒவ்வொரு துவாரத்திலும் பாசிப்பயறு அளவு களிம்பு, ஐந்து நாள். எல்லோருக்கும் பூசிவிடலாம் என்பது சோம்பல். முபிரோசினுக்கு அடங்காத வகைகள் ஏற்கெனவே பரவி வருகின்றன. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகை மூக்கில் இருப்பது தெரிந்தால், பின்னாளில் காய்ச்சல் வரும்போது எந்த மருந்தில் தொடங்குவது என்பதும் தெரியும்.

நெதர்லாந்து ஆய்வில் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை நோயாளிகள், குடலிலிருந்து வரும் தொற்றை மூக்குக் களிம்பு தடுக்காது என்ற இரண்டு ஆட்சேபங்களும் நியாயமானவை. அதனால்தான் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகளிலேயே இதை முறையாக ஆய்வு செய்ய வேண்டும். புற்றுநோய் மையங்கள் பல சேர்ந்தால் நோயாளிகளுக்குக் குறைவிருக்காது. அந்த முடிவு வரும்வரை பஞ்சுக் குச்சியை எடுக்காமல் இருக்க அது காரணமாகாது.

குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். ஆகவே அந்த நாட்களில் தெர்மாமீட்டர் ஏறட்டும் என்று காத்திருக்காமல், நடுக்கமோ மூச்சு வாங்குவதோ குழாய் செருகிய இடத்தில் சிவப்போ தெரிந்தால், நள்ளிரவானாலும் உடனே வரச் சொல்லி, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.