டொடியெல்லாம் கள்ளாகுமா?

மேலைநாட்டு மதுச்சாலைகளில் ‘ஹொட் டொடி’ என்றொரு பானம் உண்டு. விஸ்கியில் வெந்நீர் வார்த்து, தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து, கறுவாவோ கராம்போ இட்டுத் தருவார்கள். தடிமனுக்கு மருந்தென்று பருகுவோரும் உளர். அதில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. பெயர் மட்டும் பனையிலிருந்து இறங்கியது.

பனைக்கு வடமொழியில் தாலம் என்று பெயர். இந்தியில் அது தாட் ஆயிற்று. அதன் சாறு தாடி. முகத்தில் வளரும் தாடியன்று. அதையே ஆங்கிலேயர் டொடி என்றனர். 18ஆம் நூற்றாண்டில் அச்சொல் விஸ்கிப் பானத்துக்கும் பெயராகிவிட்டது.

சொல் ஊர்விட்டு ஊர் போனால் பொருள் மாறுவது இயல்பே. அதில் நமக்கு நட்டமில்லை. ஆனால் சென்ற சொல் சட்டமாகத் திரும்பி வந்தபோதுதான் நட்டம் நேர்ந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், தென்னை, பனை முதலியவற்றின் சாறு புளித்ததாயினும் புளிக்காததாயினும் டொடியே என்று வரையறுத்தது. இரண்டு பொருள்கள் ஒரு பெயருக்குள் அடைபட்டன.

தமிழில் அவை வேறு வேறு. மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ளது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டையைத் தரும் தேற்றா மரத்தால் அமைந்த பெயர் என்பர். அத்தகைய தென்னஞ்சோலை ஊர்களில், பாளை சீவும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் சாறு புளிக்காது. காய்ச்சிக் கருப்பட்டியும் செய்யலாம். யாழ்ப்பாணத்தார் இதைக் கருப்பணி என்பர். தமிழகத்தார் பதநீர் என்பர். பூசாமல் விட்டால் புளித்துக் கள்ளாகும். மரமும் ஒன்று, ஆளும் ஒருவர், பொருள் இரண்டு.

ஆங்கிலச் செய்தியில் டொடி என்று கண்டதும் ‘கள்’ என்று எழுதிவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. புளிக்காத சாற்றை ‘இனிப்புக் கள்’ என்போரும் இருக்கின்றனர். இது சிறு விடயமன்று. தமிழகத்தில் கள்ளுக்கு இன்றும் தடை உண்டு. பதநீரை வெளிப்படையாக விற்கலாம். அங்கே ஒருவர் குற்றவாளியா, தொழிலாளியா என்பதை இந்த ஒரு சொல்லே தீர்மானிக்கும்.

எனவே மொழிபெயர்க்கும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள்: டொடி என்று கண்டால், சாறு புளித்ததா இல்லையா என்று முதலில் விசாரியுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.