விரல் நுனி வரை

சைகை மொழியில் பேசும் அனிமேஷன் பாத்திரத்தை உருவாக்க இன்று நம்பகமான வழி மோஷன் கேப்சர். அந்த மொழியில் வளர்ந்த ஒருவரின் அசைவைக் கருவிகள் அளக்கின்றன; அந்த அளவுகள் கணினி உருவத்தை இயக்குகின்றன. தமிழ்ப் பார்வையாளர்கள் இந்த முறையை 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தில் பார்த்திருக்கிறார்கள். சண்டைக் காட்சியில் கை போகும் திசை சரியாக இருந்தால் போதும். சைகையிலோ ஒரு விரல் மடங்கினாலும் சொல் மாறிவிடும்.

உடலில் ஒட்டிய புள்ளிகளைச் சுற்றிலும் உள்ள கேமராக்கள் தொடர்ந்து படிக்கின்றன. ஒரு கை மற்றொன்றை மறைத்தால் புள்ளி தொலைந்துபோகும். அமெரிக்க சைகை மொழியின் விரலெழுத்துக்கு ஒரு கை போதும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இரு கைகளும் வேண்டும். அதனால் இந்தச் சிக்கல் இங்கே கடுமையானது. உணரி பொருத்திய கையுறை மறைப்பைச் சமாளிக்கும். ஆனால் விரல் நுனிகள் தொட்டனவா, தொடாமல் நின்றனவா என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. முகத்தைப் பதிவு செய்யத் தலையில் கட்டும் கேமராவோ, நெற்றியையும் கன்னத்தையும் தொடும் சைகைகளுக்குக் குறுக்கே நிற்கும். முகத்தை விட்டுவிடவும் வழியில்லை. ‘வந்தாயா’ என்பதையும் ‘வந்தாய்’ என்பதையும் பிரித்துக் காட்டுவது புருவமும் தலைச்சாய்வும்தான்.

பதிவுக்குப் பிறகு இன்னொரு சிக்கல். பெரிய தலையும் குட்டைக் கையும் கொண்ட பொம்மைக்கு மனித அசைவை ஏற்றினால், மோவாயைத் தொட வேண்டிய விரல் முகத்துக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு தொடுகையையும் கையால் திருத்த வேண்டும். கதையில் வரும் நரி சைகையில் பேச வேண்டுமானால் அதற்கும் ஐந்து விரல்கள் வேண்டும்.

இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘டெஸ்ஸா’ என்ற கணினி உருவம், 2000களின் தொடக்கத்தில், அஞ்சலக ஊழியர் பேசியதைப் பதிவு செய்த சைகைகளால் காட்டியது. ஆனாலும் இத்தகைய உருவங்கள் மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகக் கூடாது என்று உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 2018இல் அறிவித்தது. முன்கூட்டியே தயாரித்துச் சரிபார்க்கக்கூடிய செய்திகளுக்கே இவை பொருந்தும் என்பது அதன் நிலை. அது நியாயமானது. மருத்துவமனையில் ஒருவர் தன் வலியைச் சொல்லும் இடத்தில் பொம்மைக்கு வேலையில்லை. குழந்தைகளின் கதைக்கு உண்டு.

2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்களைத் தொகுத்தார்கள். இவை அரிய சேமிப்புகள். ஆனால் தட்டையான வீடியோவில் ஆழத்தின் அளவு இல்லாததால், பாத்திரத்தை இயக்கத் தனிப் பதிவு தேவை. அதற்கான பணத்தில் முதல் பங்கு கேமராவுக்கு அல்ல, காது கேளாத கலைஞர்களுக்குப் போக வேண்டும். நடிப்பதோடு, கதையை அமைப்பதும் திருத்திய அசைவை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சிற்றூர்களில் சைகை தெரிந்த பெரியவர் அருகில் இல்லாமல் வளரும் குழந்தை, திரையில் காண்பதையே மொழியாகக் கற்கும். அங்கே பிழையைத் திருத்த யாரும் இருக்கமாட்டார்கள்.